சுகம் என்று எழுதிய படிவம்

என் வாப்பா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விளங்காமல் விழுந்த இரண்டாவது வருடம், கிடையாய்க் கிடந்ததில் அவருடைய முதுகுக்குக் கீழே புண் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவி மருந்து கட்ட வேண்டும். அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கி, திரும்பவும் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சவளக்கடை வயல்களில் நெல்மூட்டை சுமந்த உடம்பு அது; மெலிந்த பிறகும் கனம் குறையவில்லை. என் கணவர் விடியுமுன் கடலுக்குப் போய்விடுவார். தூக்குவது நான்தான். ஒருநாள் என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு குனிந்து நிமிர்வதே பெரும்பாடு.

அந்த நேரத்தில்தான், தாதி வீட்டுக்கே வந்து முதியவர்களைப் பார்க்கும் அரசாங்கத் திட்டம் எங்கள் பக்கத்துக்கும் வந்தது. முதல் ஆளாய் விண்ணப்பித்தேன். விசாரிக்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்.

“ஐயா, எப்படி இருக்கிறியள்?”

“அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் மகன்.”

“எங்கையாவது நோகுதோ?”

“அல்லாஹ்ட ரஹ்மத்தால ஒரு குறையுமில்ல.”

அவர் என் பக்கம் திரும்பினார். “இவரைப் பார்க்கிறது கஷ்டமோ தங்கச்சி?”

“என்ன கஷ்டம் சேர், என்ட வாப்பாதானே” என்று சொல்லி, குடிக்கப் பிளேன்டியும் கொடுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. நோயாளி சுகமாக உள்ளார், பராமரிப்பதில் சிரமமில்லை, ஆகவே தாதி தேவையில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த மனிதர் பொய் எழுதவில்லையே! எங்கள் ஊரில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பவரைக் கேட்டாலும் சுகம் என்றுதான் சொல்வார். அது படைத்தவனுக்குச் சொல்லும் நன்றி. படிவத்துக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது?

இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அவர் திரும்ப வீட்டுக்கு வந்து வாப்பாவைப் பார்ப்பதற்கு ஒரு நாள் சொல்லும்வரை கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று இருந்தேன். பகல் சாப்பாட்டு நேரமும் கடந்தபின், மூன்று நாள் கழித்து வருவதாக நாள் கிடைத்தது.

அதற்குள் வாப்பாவைத் தயார்படுத்த வேண்டியிருந்தது.

“புண் நோகுதெண்டு சொல்லுங்க வாப்பா.”

“அல்லாஹ் தந்ததக் குறை சொல்லச் சொல்றியா புள்ள?”

“குறை சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லுங்க.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் விடவில்லை. மூன்று நாளும் காலை மாலை அதே பாடம்தான்.

உத்தியோகத்தர் வந்தார், கேட்டார். வாப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ், சுகம்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்குக் கஷ்டமோ தங்கச்சி?”

மூன்று நாள் பாடம் நடத்திய என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “என்ன கஷ்டம் சேர், என்ட வாப்பா...” நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பேனையைத் திறந்துவிட்டார்.

“எழுதாதீங்க மகன்!” வாப்பா நல்ல கையால் கட்டில் சட்டத்தில் அடித்தார். “எனக்குச் சுகம்தான். இவளுக்குத்தான் ஏலா. என்னத் தூக்கிக் கிடத்திட்டு, குசினிக்குள்ள போய் அழுறா. எனக்குக் காது நல்லாக் கேக்கும்.”

சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் நான் அழுவது. யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

“ஓம் சேர்,” என்றேன். “கஷ்டம். சரியான கஷ்டம். அப்பிடியே எழுதுங்க. எழுதினத வாசிச்சும் காட்டுங்க. அதுக்கு மறுகாதான் கையெழுத்து வைப்பன்.”