அண்ணி சொன்ன ‘மல்லுக்கட்டு’

என் நாத்தனாரை, கணவரின் அக்கா என்பதால் நான் அண்ணி என்று கூப்பிட்டாலும், வீட்டில் எல்லோரும் ‘அகராதி பிடிச்சவ’ என்றுதான் கேலி செய்வோம். கைப்பையில் எப்போதும் ஒரு தடித்த ஆங்கில அகராதி இருக்கும். பெரிய மருத்துவமனையில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. தமிழ் தெரியாத மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை மருத்துவருக்கும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் லாரி ஓட்டுநர் ஒருவருக்குக் கால் விரல்கள் அழுகி, உடனே வெட்டியாக வேண்டிய நிலை. மருத்துவர் விளக்கி முடித்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“மறுக்கிறாரா?” என்று மருத்துவர் கேட்டார். அண்ணி ஓட்டுநரிடம் கேட்டார்.

“மாட்டேன்னு எங்கேம்மா சொன்னேன்? மனசோட மல்லுக்கட்டிட்டுக் கெடக்கேன்.”

அண்ணி யோசித்து, ‘ரிலக்டன்ட்’ என்றார். சொன்ன பிறகு மனம் ஒப்பவில்லை. தயக்கம் என்றல்லவா அதற்குப் பொருள்? இந்த மனிதர் தயங்குகிறவர் மாதிரியா இருக்கிறார்? வராந்தாவுக்கு வந்து அகராதியைப் புரட்டினார். லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். ‘எதிர்த்து மல்லுக்கட்டுவது’ என்பதுதான் அதன் பழைய பொருள். அண்ணிக்குச் சிலிர்த்துவிட்டதாம்.

உள்ளே ஓடினார். “டாக்டர், நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன். ஆனா அந்தச் சொல்லுக்குள்ள ஒரு மல்யுத்தமே நடக்குது. எதோட மோதறார்னு கேக்கட்டுமா?”

நேரம் போகப் போக விஷம் ஏறும். மருத்துவருக்கும் அது தெரியும், அண்ணிக்கும் தெரியும். இருந்தும் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கேளுங்க.”

அண்ணி கேட்டதும் ஓட்டுநர் இந்தப் பக்கம் திரும்பினார். “விரல் போனாப் போகுதும்மா. மயக்கம் குடுத்தப்பறம் முழங்கால் வரைக்கும் வெட்டிட்டா? எந்திரிச்சு யார்கிட்டப் போய்க் கேப்பேன்?”

மருத்துவர் பேனாவை எடுத்து ஓட்டுநரின் பாதத்தில் ஒரு கோடு போட்டார். “இதைத் தாண்ட வேண்டியிருந்தா, உங்களை எழுப்பிக் கேட்டுட்டுத்தான் தாண்டுவேன்.”

அண்ணி அதைச் சொன்னதும் ஓட்டுநர் குனிந்து கோட்டைப் பார்த்தார். “கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போடச் சொல்லுங்க.”

“முடியாதாம்.”

“சரி, தொலையட்டும்” என்று சிரித்துவிட்டார்.

கோட்டைத் தாண்டாமலே அறுவை முடிந்தது. இப்போது சின்ன வேன் ஓட்டுகிறார்.

“கேட்டுட்டு நின்னீங்களே, பயமா இல்லையா அண்ணி?” என்றேன்.

“இல்லாமயா? லேட்டாகி முழுக்காலும் போயிருந்தா அந்தப் பாவம் என் தலையிலதானே? ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி எறங்கல எனக்கு.”