தலைகீழாய் மாட்டிய மரம்

எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஒரு மரப் பலகை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேல், மத்தியான வெயில் சுவரில் ஏறியதும் அது சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணியை யாரோ பிழிவதுபோல ஒரு முறுக்கல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு முறுக்கல். மேற்குச் சுவர், சூடு ஏறினால் மரம் அசையத்தானே செய்யும் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். என் தொழிலே மரம் என்பதால் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கென்னவோ அந்தப் பதில் போதவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெனீர் ஒட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். மரத்தைத் தாள் கனத்துக்குச் சீவி எடுத்தால் அதுதான் வெனீர். ப்ளைவுட் மேல் ஒட்டி, பிரஸ்ஸில் அழுத்தி, பாலிஷ் ஏற்றினால் முழு மரம் தோற்றுவிடும். ஒரே மரத்தில் சீவிய தாள்கள், சீவிய வரிசை குலையாமல் கட்டாக வரும். அடுத்தடுத்த இரண்டு தாள்களை எடுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து ஒட்டுவோம். ரேகைகள் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல நிற்கும். அழகுதான். ஆனால் நடுவில் அந்த ஒட்டு விழும் இடத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆந்தை வரும், மாட்டுத் தலை வரும், தாடி வைத்த கிழவர் வருவார். ஒற்றைத் தாளாக இருக்கும்வரை மரம் மரமாகத்தான் இருக்கும். ஜோடி சேர்த்தால் முகம் வந்துவிடும். எங்கள் பட்டறையில் இதைச் சொல்லிச் சிரிப்போம். பாலிஷ் போடுகிறவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

பூந்தமல்லிப் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஜப்பான்காரர் ஒருவர் அதிகாரியாக இருந்தார். கம்பெனி கொடுத்த வீட்டில் ஒரே ஒரு அறையைத் தன் ஊர் அறைபோல மாற்றித் தரச் சொல்லி எங்களிடம் வந்தார். வரும்போது சின்ன மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மேல் முழுக்கச் சதுரமும் முக்கோணமுமாகப் பின்னிய கோலம். மஞ்சள், காவி, கருப்பு எல்லாம் அந்தந்த மரத்தின் சொந்த நிறம், சாயம் ஒரு துளி கிடையாது. பல நிறக் குச்சிகளைச் சேர்த்து ஒட்டிக் கட்டையாக்கி, அந்தக் கட்டையை இழைப்புளியால் இழைத்தால், சுருண்டு விழும் சீவலிலேயே கோலம் முழுசாக வந்துவிடுமாம். அந்தச் சீவலைப் பெட்டி மேல் ஒட்டுகிறார்கள். நாம் குப்பையில் கூட்டித் தள்ளுவதை அவர்கள் பெட்டிக்குச் சட்டையாகப் போடுகிறார்கள். எனக்கு அந்த ஆள்மேல் மரியாதை வந்தது அந்தப் பெட்டியால்தான்.

அறைக்கு வேண்டிய வெனீரையும் அவரே ஜப்பானிலிருந்து வரவழைத்தார். தாமோ என்று ஒரு மரம். வேர்க்கடலையை உடைத்துப் பரப்பினாற்போல உடம்பெல்லாம் சுழி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. போனில் பேசுவார், போன் அதைத் தமிழில் சொல்லும். செய்தி வாசிக்கும் குரல். ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலால் அம்பு போடச் சொன்னார், அம்பு மரத்தின் நுனியைப் பார்க்க வேண்டும். மாட்டும்போது அடி கீழே, நுனி மேலே. எங்கள் ஆசாரிகளும் வாசல் நிலைக்கு இதையே சொல்வார்கள். ஆனால் தாள் கனத்துக்கு வந்துவிட்ட மரத்துக்கு அடி என்ன, நுனி என்ன என்று கேட்டேன். அவர் போனிடம் நிதானமாகப் பேசினார். போன் சொன்னது:

“மரத்தைத் தலைகீழாக நிறுத்தினால் அந்த வீடு அழும்.”

அதைக் கேட்டு இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது வேறு எதுவும் சொல்லவில்லை.

வேலை முடிந்தபோது இரண்டு தாள்கள் மிஞ்சின. இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் கொடுத்தார். சேக்காட்டில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு அதை வைத்து ஒரு பலகை செய்தேன். அம்பு மேலே பார்க்க ஒழுங்காகத்தான் ஒட்டினேன். வெறும் தாளில் ஒன்றும் தெரியவில்லை. பாலிஷ் ஏறியதும் நடுவில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். பெரிய தலை, முட்டியை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்ட கால். சின்ன உடம்பு.

அதற்கு முந்தின வருடம் எங்களுக்கு ஒரு பையன் பிறந்திருக்க வேண்டியது. எட்டாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனது. தாய்க்குக் காட்டக் கூடாது, காட்டினால் மனசை விட்டுப் போகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். மண்ணில் வைக்கும் முன் துணியை விலக்கிப் பார்த்தேன். அவனைப் பார்த்த ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். என் மனைவி அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேட்டுவிடுவாளோ என்று எனக்கு எப்போதும் பயம்.

அந்தப் பலகையைப் பட்டறையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். மனசு வரவில்லை. கொண்டுவந்து மாட்டினேன். அவள் பார்த்தாள், “நல்லா கீது” என்று மட்டும் சொன்னாள். அடுத்த வருடம் மறுபடி உண்டானாள்.

எட்டாம் மாதம் ஸ்கேனில் குழந்தையின் தலை மேலே இருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் நாள் இருக்கிறது, பெரும்பாலும் தானே திரும்பிவிடும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவள் புடவைகூட மாற்றவில்லை. நேராக அந்தப் பலகைக்கு எதிரே போய் நின்றாள்.

“இது எப்டி குந்திகினு கீதோ, உள்ள அதுவும் அப்டியேதான் குந்திகினு கீது” என்றாள்.

“இன்னாமே பேசுற. அது மரம்.”

“மரம்தான். டெய்லி இத்தப் பாத்துகினுதான் தூங்கறேன். இத்தத் திருப்பி மாட்டு. தல கீய வரட்டும்.”

“அப்டிலாம் மாட்டக் கூடாது. தொழில்ல தப்பு அது.”

“ஒன் தொழிலா இப்ப புள்ளையப் பெத்துக்கப் போவுது?”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, கெஞ்சலாகச் சொன்னாள். ஒருமுறை வெறும் கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் கேட்கிறாள், நான் அம்புக்குறி பேசிக்கொண்டிருக்கிறேன். டிரில்லை எடுத்து, பலகையைக் கழற்றி, புதுத் துளை போட்டு, அம்பு தரையைப் பார்க்க மாட்டினேன். மறுநாள் மத்தியானம் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

அடுத்த ஸ்கேனில் தலை கீழே வந்திருந்தது. டாக்டரம்மா அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இவள் திருவேற்காட்டுக்குப் போய் அம்மனுக்கு வேப்பஞ்சேலை நேர்ந்துகொண்டு வந்தாள். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். பலகையைத் திருப்ப எங்களில் யாரும் பேச்செடுக்கவில்லை. பலித்த ஒன்றில் கை வைக்க யாருக்குத் தைரியம் வரும்? தலைகீழாக மாட்டியதும் அது குழந்தை மாதிரித் தெரியவில்லை, வேர் மாதிரி, குடம் மாதிரி ஏதோ ஒன்று. அப்படித்தான் நினைக்கப் பழகினோம். மத்தியானம் சத்தம் வரும்போது மட்டும் இவள் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள்.

ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும் முன் பட்டறைக்கு வந்தார். அந்தத் தாள்கள் என்னவாயின என்று கேட்டதும் என் போனில் சுவரில் இருக்கும் பலகையின் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே தலைகீழாகவே என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். அது எனக்கு வைத்தது மாதிரி இல்லை. அதன்பிறகு தன் போனை அவர் வெளியில் எடுக்கவே இல்லை.

மகளுக்கு மூன்று வயது முடிந்த சமயம் ஒரு பழக்கம் வந்தது. மத்தியானம் அந்த அறைக்குப் போவாள். பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பார்ப்பாள். பார்த்துக் கையை ஆட்டுவாள். குழந்தைகள் எல்லாம் செய்வதுதான். ஆனால் எங்கள் வீட்டில் வேறு எங்கேயும் அவள் அப்படிக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு கொடுக்க வந்த எதிர்வீட்டு அம்மா இதைப் பார்த்துவிட்டார். திருநெல்வேலிக்காரர்.

“ஏளா, குனிஞ்சி பாக்கா பாத்தியா? தம்பி வரப்போறாம்லா” என்று என் மனைவியைச் சீண்டினார். குழந்தை குனிந்து பார்த்தால் அடுத்த குழந்தை வரும் என்று எல்லா ஊரிலும் சொல்வதுதானே.

குனிந்தபடியே மகள் சொன்னாள், “தம்பி இல்ல. அண்ணா.”

எதிர்வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். மகளுக்கு அந்தப் பையனைப் பற்றி யாரும் சொன்னதில்லை. எங்கள் இருவருக்குள்ளேயே அந்தப் பேச்சு கிடையாது. பால் போடுகிறவரையும் அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள், மாடிப் பையன்களும் அண்ணாதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் நிமிர்ந்து, சிவந்த முகத்தோடு அம்மாவைப் பார்த்தாள்.

“அண்ணாக்குத் தல வலிக்கும்ல?”

சுவரில் பலகை ஒருமுறை முறுக்கியது. இந்தத் தடவை ரேடியோ ஓடவில்லை. மூன்று பேரும் கேட்டோம்.

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னிடம் சொன்னாள், “கெயட்டு அத்த. நேரா மாட்டு.”

“பயமால்லியா ஒனக்கு?”

“பயந்துதான இத்தினி நாளு அவனத் தலகீயா நிக்க வச்சிகினு கீறோம்.”

கழற்றினேன். பின்னால் என் பென்சில் அம்பு அப்படியே இருந்தது. பழைய துளைகளில் பழைய திருகுகளையே ஏற்றினேன். ஒரு திருகு இரண்டு முறை கீழே விழுந்தது. மகள் அதைப் பொறுக்கிக் கொடுத்தாள். நேராக நின்றதும் வேரும் குடமும் போய்விட்டன. பெரிய தலை, மடக்கிய கால்.

மனைவி கிட்டே வந்தாள். தலை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல், நான் இத்தனை வருடமாகப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

“அவன் இப்டித்தான் இருந்தானா?”

“ஆமா” என்றேன். “காலு ரெண்டும் இப்டியே மடக்கிகினு. தூங்கற மாரி.”

“முடி?”

“நெறைய. ஒன்னுது மாரி.”

அவள் கையை எடுக்கவில்லை. மகள் இந்தத் தடவை குனியாமல், நேராக நின்று பலகையைப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். பழைய துளையில் திருகு இறுக்கமாகப் பிடித்திருப்பதால் இனிச் சத்தம் வராது என்று எனக்குத் தெரியும். மறுநாள் மத்தியானம் பட்டறையில் வேலை இருந்தும் வீட்டுக்கு வந்து, அந்த அறையில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெயில் சுவரில் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது.