கதவு திறந்த நாட்டின் இறைச்சிச் சட்டி

ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்து அல்டோனாவில், ஆற்றுப் பனிமூட்டம் கண்ணாடியில் படிந்து வழியும் ஒரு சிறிய ஜப்பானிய உணவகம். அங்கே மீனும் நூடில்ஸும் சமைப்பவர் யாழ்ப்பாணத்து இணுவில்காரர் கதிர்காமநாதன். நான் பரிமாறுபவன். நீராவிக்குள் அவர் பாதி மனிதராகவும் பாதி மேகமாகவும் தெரிவார். அரிசி கழுவும்போது பேசமாட்டார். தண்ணீர் தெளியும்வரை வேறெங்கோ இருப்பார்.

முதலாளி ஒகினோ அம்மா ஓய்வெடுக்க நினைத்தார். அடுப்பைக் கதிர் அண்ணையிடம் விட்டுப்போக அவருக்கு விருப்பம். அதற்குமுன் ஒரு விருந்து. வெளியாருக்குக் கதவு திறந்த காலத்தில் ஜப்பானில் பரவிய மாட்டிறைச்சிச் சட்டியை அண்ணை தனியாகச் சமைக்க வேண்டும். ருசி சரியென்றால் சமையலறை அவருடையது.

"மாடோ அண்ணை?" என்றேன்.

"மாடுதான். சமைக்கலாம். வாயிலை வைக்க ஏலாது."

"ருசி பாக்காமல் என்னெண்டு?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. நீ கவிதை யோசிச்சுக்கொண்டு நிக்காமல் கோப்பையளைத் துடை."

விருந்தன்று உள்ளே வந்த அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார். அரிசி வாளிக்கு மேல் தட்டிலிருந்த அவருடைய முருகன் படத்தை யாரோ வெள்ளைத்தாளால் மூடி, நான்கு ஓரமும் ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால்தான் சாமிப்படத்தை மூடுவது.

"ஆர்?" என்றார். கையிலிருந்த பை நழுவியது. "அம்மாவோ? ஊரிலையிருந்து போன் வந்ததோ? சொல்லடா தம்பி!"

ஒகினோ அம்மா ஓடிவந்தார். யாருக்கும் ஒன்றுமில்லை, தாளை ஒட்டியது தான்தான் என்று ஜெர்மன் மொழியில் பதறினார். ஜப்பான் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கதவைச் சாத்தியிருந்த நாடு. அங்கே மாடு தின்பது பாவம். பிறகு கப்பல்கள் வந்தன. ரயில் ஓடியது, குடுமிகள் உதிர்ந்தன, மாடு தின்பவனே நாகரிகக்காரன் என்றானது. அவருடைய பூட்டன் வீட்டில் முதன்முதலாக இறைச்சி கொதித்த அன்று, பூசை மாடத்துக்கு இப்படித்தான் தாள் ஒட்டினார்களாம்.

"இறைச்சி வாசனை அவரிடம் போய்விடும் என்றுதான். உங்கள் கடவுளுக்கும் சங்கடமாக இருக்குமே."

கதிர் அண்ணை உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண் கலங்கியது. பிறகு எழுந்து தாளை மெல்ல உரித்தார்.

"ஒகினோ அம்மா, முருகனுக்கு ஒளித்து ஒன்றும் செய்யமாட்டேன். சமைப்பேன், ருசி பார்க்கமாட்டேன். அப்படியொரு ஆள் உங்கள் அடுப்புக்குச் சரிவராது என்றால் இப்போதே சொல்லுங்கள்."

ஒகினோ அம்மா அடுப்பருகே வந்து நின்றார். அண்ணை சட்டியை ஏற்றினார். சோயா சாறும் சீனியும் லீக்ஸ் தண்டும் கலந்த ஆவி அறையை நிறைத்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. எந்த நூற்றாண்டில் நிற்கிறோம் என்று கொஞ்சநேரம் எனக்குத் தெரியவில்லை.

ஒகினோ அம்மா கரண்டியை எடுத்து ஊதிக் குடித்தார்.

"சீனி."

அண்ணை போட்டார்.

"இன்னும் கொஞ்சம்."

போட்டார்.

"போதும்."

விருந்தினர் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். இனிச் சமையலறை கதிருடையது, இந்தச் சட்டி ஏறும் நாட்களில் மட்டும் ருசி பார்க்கும் நாக்கு தன்னுடையது என்று ஒகினோ அம்மா அவர்களிடம் அறிவித்தார்.

அண்ணை என் காதருகே குனிந்தார். "பாத்தியோ? ஓய்வெடுக்கப் போறன் எண்ட மனுசி, என்னாலை திரும்பவும் வேலைக்கு வருது."