இடது பக்கக் கதவு

வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எனக்கு ஓய்வு. இத்தாலியில், இந்தப் பலெர்மோவில், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் வழக்கம். ஞாயிறென்றால் நம் தமிழர்கள் கூடிச் சமைத்து, கதைத்து, சீட்டாடுவார்கள். நான் போவதில்லை. வந்த புதிதில் கபோ சந்தைக்குப் பக்கத்தில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். யார் முதலில் அடுப்பை எடுப்பது என்று தொடங்கிய ஒரு வாக்குவாதம் வளர்ந்து, கடைசியில் நாலு பேரோடும் பேச்சு நின்றுபோனது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற குணம் வேறு.

அதன் பிறகு ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிக்கார அம்மா, வீட்டிலேயே தங்கி வேலை செய்தேன். நல்ல மனுஷிதான், ஆனால் ஒரு நாளைக்கு நாலு சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். அந்த நாலும் தரை, ஜன்னல், நாய், உப்பு. தமிழில் ஒரு வார்த்தை பேசாமல் வாரங்கள் போயின. சில நாள் இஸ்திரிப் பெட்டியைத் திட்டுவேன், என் குரல் எப்படியிருக்கும் என்று கேட்பதற்காக. எனக்கு அப்போது நாற்பது வயது. அந்த வயதில் தனிமை இவ்வளவு அவமானமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சிஞ்ஞோராவின் உறவுக்காரக் கிழவர் ஒருவர் பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்தார். அவருடைய காரைக் கழுவிவிட்டு வரச்சொல்லி ஒரு வியாழன் என்னை அனுப்பினாள். ரயிலேறிப் போனேன். முன்பு எலுமிச்சங்காய் குவித்துவைத்த கொட்டிலைக் கராஜாக்கியிருந்தார். கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு கறுப்புக் கார் கொட்டிலை அடைத்துக்கொண்டு நின்றது. எட்டு சிலிண்டர், ஏழு லிட்டர் எஞ்சின். இப்படிப்பட்டவற்றை அமெரிக்காவில் மசில் கார் என்பார்களாம், தசை முறுக்கேறிய கார். எந்தக் கம்பெனி என்று எழுதமாட்டேன். கிழவருக்கு அது ரோஷமான விஷயம்.

அவர் அமெரிக்காவில், டெட்ராய்ட்டில், கார்த் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். இருபத்தாறு வருடமும் ஒரே வேலை: வரிசையில் வருகிற கார்களுக்கு இடது பக்கக் கதவு பூட்டுவது. தொழிற்சாலையை மூடியதும் காரைக் கப்பலேற்றிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார். மனைவி இறந்துவிட்டார், மகள் வடக்கே தொரினோவில். கண்ணில் படலம் விழுந்து அவரால் ஓட்ட முடியாது. எனக்கோ இத்தாலி லைசென்ஸ் கிடையாது. ஆனால் பட்டரி இறங்காமலிருக்க வாரம் ஒரு தடவை எஞ்சினை எழுப்பவேண்டும். ஆகவே வியாழன்தோறும் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் எங்கேயும் போகாமல் இருப்போம். கொட்டிலின் ஓடுகள் அதிரும். அவர் இடது பக்கம், நான் வலது பக்கம். ஊரில் வலது பக்கம்தான் ஓட்டுகிறவனின் இடம். அங்கே உட்கார்ந்தால் என் கை தானாக ஸ்டியரிங்கைத் தேடும்.

ஊரில் நான் வான் ஓடியவன், ஜப்பான் ஹைஏஸ். அதனால் என் கட்சி ஜப்பான் கட்சி. முதல் வியாழனே சண்டை பிடித்துக்கொண்டோம். அவருடைய ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம், என்னுடையது பள்ளிக்கூட ஆங்கிலம். இரண்டும் நொண்டி, போதாததற்கு இத்தாலியன் பாஷையை ஊன்றிக்கொள்வோம். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், என் காதில் அப்படித்தான் விழுந்தது.

“இரண்டு லீற்றர் எஞ்சினை வைச்சுக்கொண்டு என்ன செய்யப் போறாங்கள்? காப்பி அரைக்கவோ?” என்பார்.

“கடுகு சிறுத்தாலும் காரம் போகாது, சிஞ்ஞோரே. காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ளை ஊதுற டர்போ எண்டு ஒண்டு இருக்கு. இந்தக் காரை வைச்சிருக்கிறதும் யானையைக் கட்டித் தீனி போடுறதும் ஒண்டு.”

“யானை நடந்தால் நிலம் அதிரும்.”

“வளைவிலை யானை திரும்புமோ?”

“அமெரிக்காவிலை வளைவே இல்லை. நேர் ரோட்டு. நீ மிதி, அது போகும்.”

அதில் உண்மை இருந்தது. எஞ்சினை எழுப்பினால் அந்தக் கார் எதையும் மறைக்காது. ஆக்சிலரேட்டரில் காலை வைத்த கணமே கார் முழுதும் ஒரு பக்கம் சரிந்து குலுங்கும், நின்ற இடத்தில்கூட. ஜப்பான் கார் அப்படியல்ல. அது பொறுமையாக இருந்து, எஞ்சின் சுற்று ஏற ஏற, டர்போ விழித்த பிறகுதான் தன்னைக் காட்டும். இவை என் சொந்தக் கருத்துகள் என்றாலும் கிழவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் அடுத்த வியாழன் எதைக் கதைப்பது?

ஒருநாள் கேட்டார், உன் ஊரில் எந்தக் கார் வென்றது என்று. யுத்தத்தில் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வராமல் அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. ஊர்க் கடிதங்களில் படித்ததைச் சொன்னேன். பழைய இங்கிலாந்துக் கார்களுக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓடுகிறார்கள். புதுக் கார்கள் எல்லாம் கொட்டிலில் படுத்துவிட்டன. கிழவர் நெஞ்சில் கை வைத்தார்.

“மண்ணெண்ணெயோ! பாவம் அந்த எஞ்சின்,” என்றார்.

“சனத்துக்கும் பாவம் சொல்லுங்கோ,” என்றேன். நெஞ்சிலிருந்த கையை எடுக்காமலே, சனத்துக்கும் சொன்னார்.

புறப்படும்போது நான் சொல்கிற சொல்லில்தான் அவருக்கு எப்போதும் குழப்பம். வீட்டு வாசல் கேற்றடியில் நின்று “வெங்கோ” என்பேன். இத்தாலியனில் அதற்கு ‘வாறன்’ என்று அர்த்தம். எனக்கு வாயில் அப்படித்தான் வரும்.

“நீ வெளிக்கிட்டுப் போறாய். ‘வாதோ’, போறன், எண்டெல்லோ சொல்லவேணும்? பிழையாய்க் கதைக்கிறாய்,” என்று திருத்தினார்.

“எங்கடை ஆக்கள் போறன் எண்டு சொல்லமாட்டினம், சிஞ்ஞோரே. வாறன் எண்டுதான் சொல்லவேணும். போறன் எண்டு சொன்னால் அது திரும்பி வராத போக்கு.”

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த வியாழன் காப்பி எடுக்க உள்ளே போகும்போது “வெங்கோ” என்றார். நான் புறப்பட்டபோதும் கேற்றைப் பிடித்துக்கொண்டு “வெங்கோ” என்றார், அவர் எங்கேயும் போகாவிட்டாலும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வாறன் வாறன் என்று சொல்லிப் பிரிந்தோம். அந்த நாட்களில், இத்தாலியச் சொல்லில் என்றாலும், என்னோடு தமிழ் கதைத்தவர் அவர் ஒருவர்தான் என்று அப்போது நான் நினைத்ததில்லை.

ஒரு வியாழன் அவருக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர் புதிதாக வாங்கிய ஜப்பான் காரில் வந்தார். டர்போ, நாலு சக்கரமும் இழுக்கும், சிவப்பு நிறம். கிழவரை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் வளைவுகளில் ஒரு சுற்று ஓடிவிட்டுக் கொண்டுவந்து இறக்கினார். மருந்துக்கடைக்காரர் போனதும் இரண்டு பேரும் வழக்கம்போலக் கறுப்புக் காரில் ஏறி உட்கார்ந்தோம், நான் ஆவலோடு கேட்டேன்.

“எப்பிடி?”

“நல்ல கார்தான்,” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “தையல் மிசின் மாதிரி ஓடுது.”

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த ‘நல்ல கார்தான்’ என்பதே அவருக்கு எவ்வளவு கஷ்டமென்று தெரிந்தும் எனக்குப் போதவில்லை. நாக்கில் சனி.

“அந்தத் தையல் மிசின்தான் உங்கடை தொழிற்சாலையை மூடவைச்சது. சனம் ஏன் ஜப்பான் காரை வாங்கினது? உங்கடை காருகளுக்குக் கதவு ஒழுங்காய்ச் சாத்துப்படேல்லை. அதாலைதான்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் கதவைப் பற்றிச் சொன்னேன் என்பது உறைத்தது. கிழவர் தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்தார்.

“அமெரிக்கா கார் செய்தது. ஜப்பானும் செய்தது. உன்ரை நாடு என்ன செய்தது? ஒரு ஆணி? முதல் உனக்கு நாடெண்டு ஒண்டு இருக்கோ?”

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினால் இப்படித்தான் இருக்கும். நான் காரை விட்டு இறங்கி, கேற்றுவரை நடந்தேன். திரும்பி நின்று, எழுத்துப் பிசகாமல், சரியான இத்தாலியனில் சொன்னேன்.

“வாதோ.”

அவருக்கு அது விளங்கியது. பகேரியா முழுவதிலும் அந்தச் சொல்லுக்கு நான் வைத்த அர்த்தம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் இறங்கித் திரும்பலாமா என்று எழுந்து கதவருகே போய் நின்றேன். ஆனாலும் ரோஷம் விடவில்லை. மூன்று வியாழன் போகவில்லை. கடற்கரை வாங்குப் பலகையில் தனியாக உட்கார்ந்து, ரோட்டில் போகிற கார்களைப் பார்த்து, அவர் பக்கத்தையும் நானே கதைத்து, என் பக்கத்தையும் நானே கதைத்தேன். வாதம் சப்பென்றிருந்தது. நான்காவது வியாழன் ரயிலேறினேன். பிரான்காச்சோ ஸ்டேஷன் தாண்டும்போது, சொல்லவேண்டியதை மனத்தில் ஒத்திகை பார்த்தேன்: உங்கள் கதவு நன்றாகத்தான் சாத்துப்படுகிறது, நான் எத்தனை தரம் சாத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா.

கேற்றில் சங்கிலி. கொட்டில் திறந்து கிடந்தது. உள்ளே எண்ணெய் சொட்டிய கறை மட்டும். எதிர்வீட்டுப் பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கூப்பிட்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து கிழவரைத் தொரினோவுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டாள். காரைக் கத்தானியா ஊர்க்காரன் ஒருத்தன் வாங்கினவன். கிழவர் உனக்காக மூண்டு வியாழனும் வழி பார்த்துக்கொண்டிருந்தவர். கொட்டிலைத் திறந்து வைச்சுக்கொண்டு, எஞ்சினையும் எழுப்பிவிட்டு, காருக்குள்ளை தனிய இருந்தவர்.”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“பாவம், தலை குழம்பிட்டுது. மகளின்ரை காரிலை ஏறுறார், போறார், பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. என்னைக் கூப்பிட்டு, அந்தத் தமிழன் வந்தால் சொல்லு எண்டார். என்ன சொல்ல எண்டு கேட்டால், ‘வெங்கோ.’ போற மனுஷன் வாறனாம்! மகள் திருத்தினவள். திரும்பவும் அதையே சொன்னவர்.”

“இல்லை, சிஞ்ஞோரா,” என்றேன். “தலை சரியாத்தான் இருக்கு. அவர் பிழையாச் சொல்லேல்லை.”

அவள் என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தாள். புறப்படவேண்டியிருந்தது. வழக்கமான சொல் நாக்குவரை வந்தது. அதைக் கேட்கவேண்டியவர் அங்கே இல்லை. அவளுக்குத் தலையை ஆட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.