ரேவதியின் பூ ஜடை

1. முதல் நாள்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் இரண்டு நாற்காலி மட்டும் போட்ட பியூட்டி பார்லர் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஓனர் மேரி அக்கா என்னிடம் ஒரு சவுரியைக் கொடுத்து, கல்யாண ஜடை பின்னச் சொன்னார்.

"உங்கப்பா மைன்ஸ்ல டிம்பர்மேன் தானே? மேல இருக்கற பாறை எறங்காம கட்டை வச்சு இறுக்கறவரு. அதே மாதிரி இறுக்கு. தாலி ஏறற வரைக்கும் ஒரு முடி அசையக்கூடாது."

இறுக்கினேன். பத்து வருஷம் அப்படித்தான் பின்னினேன். "வலிக்குதுக்கா" என்ற பெண்களிடம், "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, போட்டோல அழகா வரும்" என்பேன். வலிக்காத ஜடை நிற்காது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

2. ரிசப்ஷன்

ரேவதி பக்கத்துக் கோரமண்டல் ஊர்ப் பெண். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருபவள். தினமும் இறுக்கிக் கட்டியதில் நெற்றியோரம் முடி மெலிந்திருந்தது. அதை மறைக்க வேண்டும் என்று மட்டுமே எனக்குத் தோன்றியது. இன்னும் இழுத்துச் சீவி, சவுரி சேர்த்துப் பின்னி, ஜடை முழுக்கப் பூவைத் தைத்தேன்.

மேடையில் ஒரு மணி நேரம் நின்றவள், வாயைப் பொத்திக்கொண்டு மணமகள் அறைக்கு ஓடி வந்து வாந்தி எடுத்தாள். பின்னாலேயே மாப்பிள்ளையின் அத்தை வந்தார்.

"இன்னாம்மா, பொண்ணுக்கு ஏதாச்சும் சீக்கு கீதா? காலைல தாலி கட்டணும். இப்பவே சொல்லிடுங்க."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. காலைலேந்து சரியா சாப்பிடல" என்றார் ரேவதியின் அம்மா.

"சாப்பிடலன்னா மயக்கம் வரும். வாந்தி எதுக்கு வருது?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் அறையிலிருந்த எல்லோருக்கும் புரிந்தது. ரேவதி இரண்டு கைகளாலும் நெற்றிப்பொட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். புருவங்கள் மேலே இழுபட்டு நின்றிருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொன்னால் என் பேர் போகும். சொல்லாவிட்டால் இவள் கல்யாணம் போகும்.

"சீக்கு எதுவும் இல்லீங்க. நான் இழுத்துப் பின்னிட்டேன், அந்தத் தலைவலியில வந்த வாந்தி. தப்பு என்னுது."

"ஜடைக்கு எவளாவது வாந்தி எடுப்பாளா?"

"கழட்டறேன். நீங்களே பாருங்க."

முப்பத்தொரு ஹேர்பின் எடுத்தேன். பூவை அறுத்து, சவுரியை உருவினேன். அத்தை நகராமல் நின்று பார்த்தார். சற்று நேரத்தில் ரேவதியின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அம்மா, பசிக்குது" என்றாள். அத்தை வெளியே போனார்.

3. முகூர்த்தம்

காலையில் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்தேன். நெற்றியோர முடியை இழுக்கவே இல்லை. முதல் மூன்று பின்னலைத் தளர விட்டேன். பூவின் பாரம் தலையில் விழாதபடி அதை ஒரு ரிப்பனில் கட்டி, குனிய இடம் விட்டு ஜாக்கெட்டின் முதுகில் பின் செய்தேன்.

"புருவத்தைத் தூக்கு. குனிஞ்சு காலைத் தொடு. திரும்பு."

"இன்னாக்கா, பி.டி. பீரியடா?" என்று ரேவதி சிரித்தாள்.

தாலி ஏறியது. ஜடை அசையவில்லை.

பந்தி முடிந்ததும் அத்தை தனியாக மணமகள் அறைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கும் அப்படியே பின்னு. என் கல்யாணத்துல ரெண்டு நாளு தலையே தூக்க முடியல. அடக்கமான பொண்ணுன்னு ஊரே மெச்சிச்சு. வலின்னு யார்கிட்ட சொல்றது?"

தலையில் சீப்பை வைத்து, "வலிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"சேச்சே, இல்ல. நீ பின்னு."

கண்ணாடியில் பார்த்தேன். கண்களை இறுக மூடியிருந்தார். சீப்பை எடுத்துவிட்டு, விரலால் சிக்கைப் பிரித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பெண்களே, வலிக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். ஆனால் பதிலைக் காதால் மட்டும் கேட்காதீர்கள். நம் நாற்காலியில் உட்காருகிறவர்கள் 'இல்லை' என்று சொல்லிப் பழகியவர்கள்.