விமானியின் கால்கள்

இது நடந்தது. என் அண்ணிக்கு நடந்தது. கடைசியில் நானும் பக்கத்தில் நின்றிருந்தேன், அதனால்தான் எழுதத் துணிகிறேன். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நானே ஒரு வாரம் நம்பாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ரிமோட்டில் பறக்கும் போர் விமான மாடல்களுக்கு மாற்று உதிரிபாகம் செய்வது அண்ணியின் தொழில். பெட்டியோடு வரும் பாகங்கள் அவருக்கு ஆகவே ஆகாது. "ஆண்டெனாவா இது? உலக்கை" என்று தூக்கிப் போடுவார். அசல் விமானத்தின் புகைப்படங்களைப் பார்த்து அளந்து, ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து, ஊசி கனத்தில் புதிதாகச் செய்வார். தலைமுடி கனம் கூடினாலும் அது கழிவு டப்பாவுக்குத்தான். "நல்லவேளை, என்னை அளந்து பார்க்காம கட்டிக்கிட்டா" என்பான் அண்ணன்.

அவரிடம் ஒரு டீச்சர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய தம்பி போர் விமானி. ஒருநாள் விமானத்தில் கிளம்பிப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அதே விமானத்தைத் தம்பியின் நண்பர் ஒருவர் மாடலாகச் செய்து, அண்ணியின் பட்டறையில் கொண்டுவந்து வைத்திருந்தார். உள்ளே உட்கார விமானி பொம்மை மட்டும் பாக்கி.

"கடையில விக்கிற பொம்மையெல்லாம் இடுப்போட முடிஞ்சுடுதும்மா. வெளியே தெரியாதுன்னு காலே வைக்கிறதில்ல. என் தம்பிக்குக் கால் வேணும். பூட்ஸ் ரெண்டும் பெடல் மேல இருக்கணும்."

"வெச்சுடலாம் டீச்சர்" என்றார் அண்ணி.

செய்தும்விட்டார். முழு உருவம், பெடல்களோடு. பூட்ஸில் நாடா முடிச்சுகூடத் தெரிந்தது. ஆனால் உள்ளே உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. அளவெல்லாம் அசல் விமானத்தைப் பார்த்துக் குறைத்த அளவு. அசலில் கால் நீட்ட இடம் உண்டு. மாடலில் அந்த இடத்தில் பேட்டரித் தட்டு இருந்தது. அதை நகர்த்த வேண்டுமானால் விமானத்தின் வயிற்றையே பிரிக்க வேண்டும். காலையில் எடுத்துப்போக வந்துவிடுவார்கள். மணி மாலை ஆறரை. நல்ல மழை. நானும் அண்ணனும் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம்.

அண்ணி சின்ன ரம்பத்தை எடுத்தார். தொடையோடு இரண்டு கால்களையும் அறுத்தார். கழிவு டப்பாவில் போட்டார். மேல் உடம்பை ஒரு பலகையில் ஒட்டி, பலகைக்குக் கறுப்பு அடித்து, கண்ணாடி மூடியைத் திருகி மூடினார். வெளியே இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

ஏழு பத்துக்கு டீச்சர் போன் செய்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது டீச்சர்."

"காலு?"

அண்ணி கழிவு டப்பாவைப் பார்த்தார். "எல்லாம் இருக்கு."

"சரிம்மா." போன் வைக்கப்பட்டது.

அண்ணி போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார். போட்டு வைத்த டீயைக் குடிக்க முடியவில்லை. அந்த அம்மா கேட்டது அது ஒன்றைத்தானே என்று மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. இரவு பத்து மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகலாம் என்று பட்டறை அறைக்குத் திரும்பினார்.

அப்போதுதான் பொம்மையின் தலையைக் கவனித்தார்.

நேராகப் பார்க்கும்படி ஒட்டிய தலை அது. இப்போது முகவாய் லேசாகக் கீழே இறங்கியிருந்தது. பசை இளகிவிட்டதோ... ஆனால் பசை காய்ந்து இரண்டு நாள் ஆகிறது.

டிக்.

வாலில் இருந்த சுக்கான் இடது பக்கம் கொஞ்சம் திரும்பியது. நின்றது. வலது பக்கம் கொஞ்சம் திரும்பியது. நின்றது.

அசல் விமானத்தில் விமானி காலால் பெடலை மிதித்தால் சுக்கான் திரும்பும். மாடலில் அதற்கு ஒரு குட்டி மோட்டார். அந்த மோட்டாருக்கு உயிர் கொடுக்கும் பேட்டரி மேசைமேல் கிடந்தது. ரிமோட் அலமாரியில் இருந்தது.

டிக்... டிக்...

மோட்டார் முனகும் சத்தம் இல்லை. கீல் சத்தம் மட்டும். இருட்டில் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடும் கால்களைப் போல... இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்...

கண்ணாடி மூடியில் பனி படர்ந்தது. உள்பக்கத்தில்.

அண்ணி விரலால் துடைத்தார். போகவில்லை.

பனி தானாக விலகியது.

முகவாய் நெஞ்சைத் தொட்டிருந்தது.

அந்த விமானி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கால் இருக்க வேண்டிய இடத்தை.

டிக்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் அண்ணி. "வெச்சுடறேன்."

சத்தம் நின்றது.

கழிவு டப்பாவில் கையை விட்டார். இரண்டு கால்களும் கிடைத்தன. அந்த மழைக் குளிரில் அவை வெதுவெதுப்பாக இருந்தன. அழுதுகொண்டே விமானத்தின் வயிற்றைப் பிரித்தார். தட்டை முன்னால் நகர்த்தினார். பலகையைப் பெயர்த்தெடுத்துக் கால்களை ஒட்டினார். பூட்ஸைப் பெடலில் பொருத்தினார். தலையை அவர் தொடவில்லை. கண்ணாடியை மூடும்போது அது நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது, டீச்சர் கைவிளக்கோடு விமானத்தின் மேல் குனிந்திருந்தார். கண்ணாடி வழியே பூட்ஸ்களை வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு" என்றார். "அப்புறம் ஏம்மா அவர் அப்படிச் சொன்னார்?"

"யாரு டீச்சர்?"

"உங்க வீட்டுக்காரர்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "நாங்க இப்பதான் டீச்சர் ஊர்லேருந்து வர்றோம். நேத்து இவ மட்டும்தான் வீட்டுல."

டீச்சர் விளக்கை அணைத்தார்.

"நேத்து போன்ல நீங்க 'எல்லாம் இருக்கு'ன்னு சொன்னீங்கல்ல. சொன்னதுமே உங்க பக்கத்துலேருந்து ஒரு ஆம்பளைக் குரல்... மெதுவா..."

அண்ணி விமானத்தின் பக்கம் திரும்பினார்.

"'இல்லக்கா'ன்னு சொல்லுச்சு."