கோடு விழும் இடம்

சிங்கப்பூரில், எங்கள் பொங்கோல் வீட்டில் மகன் கைப்பேசித் திரையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். அந்த வாசனையில், ஜாலான் புசார் பக்கத்துச் சந்தில் அப்போது இருந்த, இப்போது சின்ன ஹோட்டலாகிவிட்ட வீடியோ கேசட் கடை என்னிடம் திரும்பி வந்தது. கடைக்காரர் மணியம் அங்கிள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பிளேயரைத் துடைத்துத் துடைத்து, திரும்பி வரும் கேசட்டுகளை ஓட்டிப் பார்ப்பார். கதாநாயகன் ‘திமிர் பிடித்த’ நாயகியைக் கன்னத்தில் அறையும் இடத்தில் மட்டும் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் ஓடும்.

“எல்லாரும் இதையேதான் ரிவைண்ட் பண்ணிப் பண்ணிப் பாக்குறாங்க லா, டேப் தேஞ்சிடுது” என்று அலுத்துக்கொள்வார்.

வாடகைக்கு எடுத்து வந்து வீட்டில் பார்க்கும்போது, அந்தக் கோடுகள் தலைகாட்டியதுமே அப்பா நிமிர்ந்து உட்காருவார், அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார், நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

துடைத்த திரையில் இப்போது என் மகன், யாரோ ஒரு நாயகன் யாரோ ஒருத்தியை அறைவதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சிரிக்கிறான்.

“போதும்டா, நிறுத்து.”

“சும்மா ஜோக் லா, மா.”

நான் எழுந்து சமையலறைக்குப் போகிறேன். எத்தனை முறை ஓட்டினாலும் தேயாத அந்தச் சத்தம் அங்கேயும் வருகிறது.